தேவைப்பட்ட தப்பு

மறுபடியும் ஜன்னல் ஓர வரிசைக்குப் போனாள். கையில் வகுப்பின் இருக்கைப் படம். யார் எந்த வழியில் கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் ஒரு குறி. வட்டம், வட்டம், முக்கோணம், வட்டம். அவள் தேடிய பெருக்கல் குறி எங்கும் விழவில்லை.

பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சுவரை ஒட்டி, பாடத்தைப் பார்க்க வந்த வெளியூர் ஆசிரியர்கள் நின்றார்கள். காலில் காலணிக்குப் பதிலாக விருந்தாளிகளுக்கான பச்சைச் செருப்பு, கழுத்தில் பெயர் அட்டை, கையில் அட்டைப் பலகை. மூடிய ஜன்னலின் சந்து வழியாகக் கடல்காற்று விசிலடித்தது.

தொகாஷி சிஸுரு தேடிக்கொண்டிருந்தது ஒரு தப்பை.

கரும்பலகையின் இடது ஓரத்தில் கேள்வி இருந்தது. ஓர் இணைகரம். அடிப்பக்கம் ஏழு சென்டிமீட்டர், சாய்ந்த பக்கம் ஐந்து, உயரம் நான்கு. இதன் பரப்பை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒரு முனையில் முக்கோணத்தை வெட்டி மறுமுனையில் ஒட்டினால் செவ்வகம் வரும். ஏழு நான்கு இருபத்தெட்டு. அது சரி. ஆனால் முதலில் யாராவது ஏழையும் சாய்ந்த ஐந்தையும் பெருக்கி முப்பத்தைந்து என்று சொல்ல வேண்டும். செவ்வகத்துக்குப் பக்கத்தையும் பக்கத்தையும் பெருக்கிப் பழகிய பிள்ளைகள் இதற்கும் அதையே செய்வார்கள். அவள் பாடம் அந்தத் தப்பின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. தப்பு வந்ததும் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சட்டத்தை எடுப்பாள். நான்கு அட்டைப் பட்டைகளை மூலையில் பித்தளை ஊசியால் கோத்தது. மெதுவாகச் சாய்ப்பாள். பக்கங்கள் அதே ஏழு, அதே ஐந்து. உள்ளே இருக்கிற இடம் மட்டும் சுருங்கிக்கொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆகும். அப்படியானால் முப்பத்தைந்து எங்கே போனது? அங்கேதான் பாடம் தொடங்கும்.

யாரும் தப்பு செய்யவில்லை.

நான் பின்சுவரில் நின்றிருந்தேன். பக்கத்துப் பிரிவு என்னுடையது. போன வாரம் இதே பாடத்தை என் பிள்ளைகளை வைத்து ஒத்திகை பார்த்தாள். வெளியூர் ஆசிரியர்கள் வந்து பார்க்கிற இந்தத் திறந்த வகுப்புக்கு முன்னால் அப்படிப் பார்ப்பது எங்கள் வழக்கம். என் வகுப்பில் பாதிப் பேர் முப்பத்தைந்து என்றார்கள். இரண்டு பேர் அதற்காக எழுந்து நின்று சண்டை போட்டார்கள். மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்கு ஓடி வந்தாள். தேநீர் ஊற்றத் தொடங்கி, கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டுப் பேசினாள்.

"ஓனுமா சார், உங்க பசங்க என்ன அழகா தப்பு பண்றாங்க!"

"அதுக்குன்னே வளத்து வெச்சிருக்கேன்."

"நெஜமாத்தான் சொல்றேன். அந்த முன்வரிசைப் பையன் 'சாஞ்சாலும் பக்கம் பக்கம்தானே'ன்னான் பாருங்க, அப்படியே எழுதி வெச்சுக்கிட்டேன்."

"வேணும்னா அவனை ஒரு நாளைக்குக் கடன் தரேன். சோறு மட்டும் நீங்க போட்டுடுங்க."

சிரித்தாள். கோப்பையை எடுத்தாள், குடிக்காமல் மறுபடி வைத்தாள். அவள் எதையும் உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை.

ஆசிரியர் பயிற்சியில் எனக்கு ஒரு வருஷம் மூத்தவள். அந்தக் காலத்திலேயே பாடம் எடுப்பதற்கு முன் வாசகம் வாசகமாக எழுதுவாள். தான் கேட்கிற கேள்வி, பிள்ளை சொல்லக்கூடிய பதில், அதற்குத் தன் பதில். நாங்கள் கேலி செய்வோம். "இருமல் வந்தா எந்த வரியில இருமணும், அதையும் எழுதிட்டீங்களா?" என்று யாரோ கேட்டபோது, உண்மையாகவே தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு வேறு ஊர்ப் பள்ளியில் இருந்தாள். அங்கே ஒரு வருஷம் அவள் வகுப்பு கைவிட்டுப் போனது. அப்படி ஆகிற வகுப்புகளை எங்கள் தொழிலில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதலில் ஒருவன் பாடத்தின் நடுவே எழுந்து தண்ணீர் குடிக்கப் போவான். அடுத்த வாரம் நான்கு பேர். பிறகு யாரும் பலகையைப் பார்ப்பதில்லை. துணை ஆசிரியர் பின்னால் வந்து நிற்பார், பெற்றோர் வந்து நிற்பார்கள், எதுவும் நிற்காது. சிஸுரு அந்தக் குளிர்காலத்தில் விடுப்பில் போனாள். திரும்பி வந்தபோது யாரும் அவளிடம் வகுப்பைத் தரவில்லை. இந்தப் பள்ளியில் முதலில் உதவி ஆசிரியை. மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து பென்சிலைப் பிடித்துக் கொடுக்கிற வேலை. நன்றாகத்தான் செய்தாள். ஆனால் கண் எப்போதும் பலகை மேல் இருக்கும்.

இந்த வருஷம் ஏப்ரலில், பள்ளி ஆண்டு தொடங்கியபோது, தலைமையாசிரியர் இகராஷி அவளை அழைத்து ஐந்தாம் வகுப்பு முதல் பிரிவைக் கொடுத்தார்.

"நவம்பர்ல திறந்த வகுப்பு வருது. கணக்கு நீங்க எடுங்க. வெளியூர்லேர்ந்து எல்லாரும் வருவாங்க, கல்வி அலுவலகத்துலேர்ந்து அறிவுரையாளரும் வருவார். அது நல்லா போகட்டும், அடுத்த வருஷம் இதே பசங்களோட ஆறாம் வகுப்புக்குப் போங்க. பெத்தவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

"போகலேன்னா சார்?"

"போகும்."

எங்கள் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு எடுத்தவர்களே அந்தப் பிள்ளைகளைக் கடைசி வகுப்பான ஆறாம் வகுப்புக்கும் கூட்டிப்போய்ப் பட்டமளிப்பு மேடையில் பெயர் கூப்பிட வேண்டும். அதற்குத்தான் ஐந்தாம் வகுப்பை வாங்குவது. அவள் இதுவரை ஒரு பெயரையும் அந்த மேடையில் கூப்பிட்டதில்லை.

அன்றிலிருந்து அவள் நிலைகொள்ளவில்லை. பழைய காலண்டர்த் தாள்களின் பின்புறம் பலகைத் திட்டம் வரைந்தாள். பாடம் முடிகிற வரை பலகையை அழிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. இடதில் கேள்வி, நடுவில் பிள்ளைகளின் யோசனைகள், வலதில் முடிவு. மணி அடிக்கும்போது ஒருவர் உள்ளே வந்து பார்த்தால் முழுப் பாடமும் பலகையில் தெரிய வேண்டும். எந்தச் சொல் எந்த உயரத்தில் வரும் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். எந்தக் கேள்விக்கு எங்கே நிற்பது என்று தரையில் தரை நிறத்திலேயே டேப் துண்டு ஒட்டினாள். கேள்வி கேட்டபின் காத்திருப்பதுதான் அவளுக்கு வராதது. மௌனம் வந்தால் தானே பேசி நிரப்பிவிடுவாள். அதற்காகச் சாக்பீஸை முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளப் பழகியிருந்தாள். அவள் கறுப்புக் கோட்டின் பின்புறம் எப்போதும் வெள்ளையாக இருந்தது.

அவள் வகுப்பு பள்ளியிலேயே அமைதியான வகுப்பாக ஆனது. தலைமையாசிரியர் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் கதவுக் கண்ணாடி வழியே காட்டினார். எனக்குக்கூடப் பொறாமை.

இப்போது அந்த அமைதியில் அவள் நான்காவது வரிசைக்குள் திரும்பினாள். நடை வேகமானது. ஒரு விருந்தாளியின் செருப்பை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். ஒரு பையனின் தாளைக் குனிந்து பார்த்து, "வேற மாதிரி யோசிச்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்றாள். குரல் கொஞ்சம் மேலே போயிருந்தது. யாரும் இல்லை.

"பக்கங்களை வெச்சு யோசிச்சவங்க?"

இது அவள் திட்டத்தில் இல்லாத கேள்வி. திட்டத்தின் பிரதி எல்லோர் கையிலும் இருந்தது. பச்சைச் செருப்புக்காரர்கள் தாளைப் புரட்டினார்கள்.

ஜன்னல் ஓரத்தில் ஹொன்மா இரோஹா தலையைத் தூக்கினாள். வகுப்பில் கணக்கு நன்றாக வருகிற பெண். வெட்டி ஒட்டி, அம்புக்குறி போட்டு, இருபத்தெட்டு என்று எப்போதோ முடித்துவிட்டாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து அழித்தாள். துகள்களைக் கையால் ஒதுக்கினாள். ஏழு பெருக்கல் ஐந்து என்று எழுதினாள். முப்பத்தைந்து.

சிஸுரு இரண்டு மேஜை தள்ளி நின்றிருந்தாள். அவள் பார்த்தாள். பார்த்ததை நான் பார்த்தேன்.

இருக்கைப் படத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். முன்னால் போய் டேப் துண்டின் மேல் நின்றாள்.

"ஹொன்மா, நீ வந்து சொல்லு."

அதன்பின் எல்லாம் திட்டப்படி நடந்தது. திட்டத்தைவிட நன்றாக. இரோஹா தெளிவான குரலில் தப்பைச் சொன்னாள். ஷுஹே என்கிற பையன் எழுந்து, "ஆனா அது சாஞ்சிருக்குல்ல?" என்றான். அட்டைச் சட்டம் வந்தது. சாய்ந்தது. வகுப்பு மொத்தமும் "ஆ" என்றது. ஒரே நேரத்தில், ஒரே அளவில். முன்வரிசைப் பெண் ஒருத்தி கை இரண்டையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மணி அடித்தபோது பலகையின் வலது ஓரத்தில் கடைசி வரி முடிந்திருந்தது. விருந்தாளிகள் முன்னால் வந்து படம் எடுத்தார்கள். தலைமையாசிரியர் கதவருகே நின்று எல்லோருக்கும் தலை வணங்கினார்.

நடைபாதையில் ஷுஹேயைப் பிடித்தேன். பையை மாட்டிக்கொண்டு ஓடப் பார்த்தான்.

"எப்படிடா ஒருத்தர்கூட முதல்ல தப்பு பண்ணல?"

"சார், உங்க கிளாஸ் பசங்க சொல்லிட்டாங்களே. வீட்டுக்கு ஒண்ணாத்தான போறோம். சாஞ்ச பக்கத்தைத் தொடாத, தொட்டா டீச்சர் அட்டையை எடுத்து மாட்டி விட்டுடுவாங்கன்னு."

"சரி, தெரிஞ்சு வெச்சுக்கிட்டீங்க."

"விருந்தாளிங்க முன்னாடி தப்பு பண்ணக் கூடாதுன்னு பேசி வெச்சிருந்தோம் சார். டீச்சருக்குப் படபடப்பு வந்துடும். அப்புறம் லீவு போட்டுட்டா?"

"யார் சொன்னா அப்படி?"

"எங்க அம்மா. எல்லார் அம்மாவும்தான். டீச்சருக்கு உடம்பு முடியாம இருந்துச்சாம்ல, சத்தம் போடாம இருங்கன்னு ஏப்ரல்லயே சொல்லிட்டாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இரோஹா மட்டும் கடைசில சொதப்பிட்டா. ஆனா அப்புறம்தான் சார் நல்லா போச்சு," என்றான். ஓடிவிட்டான்.

நான் அங்கேயே நின்றேன். சிஸுருவிடம் இதைச் சொல்ல நேரம் இருக்கவில்லை. நூலகத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டார்கள்.

பாடத்துக்குப் பிறகு கலந்துரையாடல். முதலில் பாடம் எடுத்தவர் பேச வேண்டும், தன் குறைகளைத் தானே சொல்ல வேண்டும். சிஸுரு எழுந்து வழக்கமானதைச் சொன்னாள். நேரம் போதவில்லை. எல்லோருக்கும் பேச வாய்ப்புக் கொடுக்க முடியவில்லை. கை பின்னால் இருந்தது. சாக்பீஸ் இல்லாமல் விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

பிறகு பார்த்தவர்கள். பலகையைப் புகழ்ந்தார்கள். சட்டத்தைப் புகழ்ந்தார்கள், செய்முறை கேட்டார்கள். அறிவுரையாளர் எழுதிக்கொண்டே தலையாட்டினார். தலைமையாசிரியரின் முகம் வெந்நீர்த் தொட்டியில் சுகமாக இறங்கிய மனிதனின் முகம் போல இருந்தது.

மினாகாவா என்கிற இளம் ஆசிரியை கையைத் தூக்கினாள். மலைப்பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து வந்தவள். திறந்த வகுப்பில் ஒவ்வொரு பார்வையாளரும் ஒரு பிள்ளையைத் தேர்ந்து, அந்தப் பிள்ளையின் பென்சிலை முதலிலிருந்து கடைசிவரை பார்த்து எழுதிக்கொள்வது உண்டு. பேசக் கூடாது, உதவக் கூடாது.

"ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பொண்ணை நான் பார்த்துக்கிட்டிருந்தேன். முதல்ல வெட்டி ஒட்டிச் சரியாப் போட்டிருந்தா. ரொம்ப நேரம் அப்படியே வெச்சிருந்தா. டீச்சர் பக்கத்துல வந்தப்போ அதை அழிச்சுட்டு முப்பத்தஞ்சுன்னு எழுதினா. எனக்குப் புரியல. சரியாப் புரிஞ்சவ எந்த இடத்துல குழம்பினா? தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்கறேன்."

அவளுக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் கேட்டாள்.

சிஸுரு மௌனத்தை நிரப்பிவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். ஏதாவது சொல்வாள், அது போதும். அவள் சொல்லவில்லை.

தலைமையாசிரியர் இருமினார். "பசங்க கடைசி நிமிஷத்துல தடுமாறறது சகஜம்தானே. அதுவும் இத்தனை பேர் சுத்தி நிக்கும்போது. அடுத்து..."

"அவ தடுமாறல சார்," என்றாள் சிஸுரு.

உட்கார்ந்தபடியே சொன்னாள். பிறகு எழுந்து நின்றாள்.

"எனக்காக அழிச்சா. எனக்கு ஒரு தப்பு வேணும்னு அலைஞ்சேன். நாலு தடவை அவளைத் தாண்டிப் போனேன். என் மூஞ்சியைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டா. அவ அழிக்கிறதை நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கூப்பிட்டேன்."

அறிவுரையாளர் பேனாவை வைத்தார். "தெரிஞ்சும் ஏன் கூப்பிட்டீங்க?"

"திட்டத்துல அடுத்தது அதுதான் சார்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். மினாகாவா முகம் சிவந்து, "நான் அந்த அர்த்தத்துல கேக்கல," என்றாள்.

"நீங்க சரியாத்தான் பார்த்தீங்க," என்றாள் சிஸுரு. "நான் ஒத்திகை பார்த்த கிளாஸ் பசங்களும் என் பசங்களும் ஒண்ணா வீட்டுக்குப் போவாங்க. அதை நான் யோசிக்கல. எல்லா விடையும் அவங்க கையில முன்னாடியே இருந்திருக்கு. அந்த 'ஆ' இருக்கே, அதுவும் உங்களுக்காகப் போட்டது. இல்ல, எனக்காக. பசங்க இன்னிக்கு யோசிச்சது கணக்கைப் பத்தி இல்ல. என்னைப் பத்தி."

நான் சொல்ல வந்ததை அவளே கண்டுபிடித்திருந்தாள். அம்மாக்கள் சொன்னது மட்டும் அவளுக்குத் தெரியாது. அதை நான் அங்கே சொல்லவில்லை.

அறிவுரையாளர் கடைசியில் நீண்ட நேரம் பேசினார். எதிர்பார்க்கும் பதில்களைத் திட்டத்தில் எழுதுவது எதற்கு என்று விளக்கினார்; அந்தப் பதில் வராவிட்டால் இன்னொரு வகுப்பில் இப்படி யோசித்தார்கள் என்று ஆசிரியரே முன்வைக்கலாமே என்றார். நல்ல யோசனை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். சிஸுருவும் எழுதினாள். அவள் பெயரைச் சொல்லி அவர் எதுவும் சொல்லவில்லை.

விருந்தாளிகள் காலணி மாற்றிக்கொண்டு போனபின் தலைமையாசிரியர் அவளை நடைபாதையில் நிறுத்தினார். நான் நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தேன். என்னை அவர் பொருட்படுத்தவில்லை.

"ஏன் சொன்னீங்க? நானே முடிச்சு வெச்சேனே."

"கேட்டாங்களே சார்."

"கேட்டா? அவங்களுக்குப் பதில் வேணும், அவ்வளவுதான். நான் இப்ப பெத்தவங்ககிட்ட என்ன சொல்றது? நல்லா போச்சுன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

"நல்லா போகல."

"பலகையைப் பார்த்தீங்களா? இந்தப் பள்ளிக்கூடத்துல இப்படி ஒரு பலகையை நான் பார்த்ததில்ல."

அவர் தன் அறைக்குப் போனார். அவள் நடைபாதையின் கோடிவரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். நான் நாற்காலிகளை அடுக்கிவிட்டு ஷுஹே சொன்னதைச் சொன்னேன். அம்மாக்கள், படபடப்பு, லீவு, எல்லாம்.

நின்றாள்.

"ஏப்ரல்லேர்ந்தா?"

"ஆமா."

"அப்ப அந்த அமைதி..."

"பசங்க நல்லவங்க, தொகாஷி டீச்சர்."

"நல்லவங்கதான். பத்து வயசுப் பசங்க என்னை ஆஸ்பத்திரி நோயாளி மாதிரி பார்த்துக்கிட்டிருக்காங்க. ஒருத்தன்கூட என்கிட்ட சண்டை போட்டதில்ல, கவனிச்சீங்களா? நான் ஜெயிச்சிட்டேன்னு நினைச்சேன்." கோட்டைக் கழற்றினாள். பின்புறத்து வெள்ளையைப் பார்த்துத் தட்டினாள். தூசி பறந்தது. "உங்க பசங்க எழுந்து நின்னு கத்தினாங்களே ஓனுமா சார். அது எனக்கு எவ்வளவு பிடிச்சிருந்தது தெரியுமா?"

மறுநாள் மழை. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அவள் பலகையை அழித்தாள். டேப் துண்டுகளையும் தரையிலிருந்து உரித்தாள். முதல் மணியில் வகுப்பிடம் நடந்ததைச் சொன்னாள். ஹொன்மாவுக்கு விடை தெரியும், தெரிந்தும் எனக்காக மாற்றி எழுதினாள், நான் அதைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டேன், அது சரியில்லை என்றாள். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, லீவு போட மாட்டேன் என்றும் சொன்னாள். இரோஹா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷுஹே, அப்படியானால் நேற்றைய பாடத்தில் கொடுத்த வீட்டுக்கணக்கு கணக்கில் சேருமா என்று கேட்டான். சேரும் என்றாள். இரண்டு பேர் அது நியாயமில்லை என்று கத்தினார்கள்.

இடைவேளையில் தலைமையாசிரியர் அவளை அழைத்தார். அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு வேறு ஒருவருக்கு. அவள் ஐந்துக்கும் ஆறுக்கும் கணக்கு மட்டும் எடுப்பாள், வகுப்புப் பொறுப்பு கிடையாது. நேற்று சொன்னதாலா என்று கேட்டிருக்கிறாள். கொஞ்சம் அதனால், கொஞ்சம் பெற்றோரால் என்றாராம். சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மதியம் பள்ளிச் சாப்பாட்டில் மீன் சூப். அவள் வகுப்பில் ஒரு பையன் சூப் வாளியைத் தட்டிவிட்டான். எல்லோரும் துடைத்தார்கள். பிற்பகல் ஓவிய வகுப்பு. மாலையில் ஆசிரியர் அறையில் முக்கோணத்தின் பரப்புக்குப் பாடத்திட்டம் எழுதினாள். எதிர்பார்க்கும் பதில்கள் என்ற பத்தியை வழக்கம் போல நிரப்பினாள். என் வகுப்பில் ஒத்திகை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, வேண்டும், ஆனால் தன் வகுப்பில் முதலில் எடுத்த பிறகு என்றாள். காற்று அதிகமாக இருந்ததால் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.